ஆலிஸின் ஆறாவது கட்டம்

ராயபுரத்து மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் ஸ்டானிஸ்லாஸ் வாத்தியாருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும், புதுமையாக எதையாவது காட்டித் தொலைக்க வேண்டுமே என்று தவித்தார்.

பிள்ளைகளைக் கோயிலுக்குள் கூட்டிப்போய், சுவரில் வரிசையாக மாட்டியிருந்த, இயேசு சிலுவை சுமந்துபோன சிலுவைப்பாதைப் படங்களைக் காட்டினார். "ஒரு படத்துக்கு ஒரு சம்பவம். முதல்ல என்ன, அப்புறம் என்ன, கடைசியில என்னன்னு யோசிச்சுட்டுத்தான் பென்சிலைத் தொடணும்." ஆளுக்கு ஆறு கட்டத்தில் நடந்த கதை ஒன்றை வரைய வேண்டும். நல்ல யோசனைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆலிஸ் தன் நைனா பாஸ்கலை வரைந்தாள். கட்டுமரத்தைத் தள்ளுகிறான், பாய் விரிக்கிறான், வானம் கறுக்கிறது, அலை எழும்புகிறது, மரம் மட்டும் கரை ஒதுங்குகிறது. சில வருஷத்துக்கு முந்தைய புயலில் நடந்தது அப்படியே. ஆறாவது கட்டம் காலி.

"இது ஏன் காலி?"

"அப்பால இன்னா ஆச்சினு தெரியாது சார்."

அவள் தாய் ஞானத்துக்கும் துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஹென்றிக்கும் வருகிற ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவிக்கப் போகிறார்கள். பாஸ்கலின் உடல் கிடைக்காததால், பங்குச் சாமியார் பிஷப்பிடம் மன்றாடி வாங்கிய அனுமதி. இது வாத்தியாருக்கும் தெரியும். ஆனால் அவர் கண்ணுக்குக் காலிக் கட்டம்தான் தெரிந்தது. பென்சிலைப் பிடுங்கி, எண்ணூர் முகத்துவாரத்தில் பாஸ்கல் சிரித்தபடி கரையேறுவதாக வரைந்தார். "யார் கேட்டாலும் நீதான் வரைஞ்சேன்னு சொல்லணும்" என்று காதைத் திருகினார்.

மறுநாள் வகுப்புச் சுவரில் மாட்டிய படங்களைப் பார்த்து இன்ஸ்பெக்டர் பூரித்துப்போனார். பெற்றோரும் வந்திருந்தார்கள். ஞானத்துக்கு எழுத்து தெரியாது. சுவரில் வரிசையாக மாட்டிய படம் என்றால் அவள் முழங்காலிட்டு வளர்ந்த சிலுவைப்பாதைதான். அதில் இருப்பதெல்லாம் நடந்தது. இங்கேயும் ஐந்து படம் ஊரறிந்த உண்மை. ஆறாவது மட்டும் பொய்யாகுமா?

"இது எண்ணூர் முகத்துவாரமாச்சே! இத்த யாருடி வரைஞ்சது?"

ஆலிஸ் வாத்தியாரைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லு ஆலிஸ்" என்றார் வாத்தியார், இனிக்க இனிக்க.

"நான்தாம்மா."

'அது நான் சும்மா வரைந்தது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அந்த மகானுபாவர். சொல்லவில்லை.

"எம் புருசன் உசுரோட கீறாரு" என்று ஞானம் ஓலையை நிறுத்தினாள். எண்ணூர்க் கரையெல்லாம் அலைந்தாள். ஹென்றி பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். ஸ்டானிஸ்லாஸுக்கு வேலை நிரந்தரமானது.

ஒருநாள் ஆலிஸ் விரல்கள் வீங்கி வகுப்புக்கு வந்தாள்.

"அம்மா தெனம் அடிக்குது சார். நைனா எப்போ வூட்டுக்கு வருவாருன்னு அடுத்த கட்டத்த வரையச் சொல்லுது. எனக்கு வரமாட்டேங்குது. நீங்களே வரைஞ்சு குடுங்க சார்."

வாத்தியார் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அதை நீதானே வரைஞ்சே? இதையும் நீயே வரை" என்று சொல்லி, அவள் பென்சிலை வாங்கிக் கூராகச் சீவிக் கொடுத்தார்.