ஐந்து பேரின் அசதி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் வருடம் தை மாதத்திலிருந்து, சீமையில் பாட்டுக் கச்சேரி நடத்திவந்த ஐந்து வெள்ளைக்காரர்களுக்கு உண்டாக வேண்டிய அசதி முழுவதும் அரியலூரில் மூட்டை தூக்கும் உத்திராபதிக்கு வந்துகொண்டிருந்தது. அந்தக் கோஷ்டிக்கு இங்கிலீஷில் லாந்தர் என்று முடிகிற ஏதோ ஒரு பெயர். ரயிலடிப் பக்கம் எல்லோரும் லாந்தர் கோஷ்டி என்றே சொல்லிவிட்டார்கள். அவர்கள் அங்கே மேடையில் குதித்தால் இவனுக்கு இங்கே கெண்டைக்கால் இழுத்தது. அவர்கள் விடிய விடியக் கத்தினால் இவனுக்குத் தொண்டை கட்டி வெந்நீர்கூட இறங்கவில்லை. அதே வருடம் மழை பொய்த்தது, மண்ணெண்ணெய்க்கு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். ஊரில் அதைப் பற்றித்தான் பேச்சாக இருந்தது.

உத்திராபதிக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. கூட்ஸ் வேகனில் சிமெண்ட் மூட்டை ஏற்றிவிட்டு வேப்பமரத்தடியில் சாய்கிற நேரத்தில் கேட்பதற்கு, சிலோனிலிருந்து திரும்பி வந்த ஒருவரிடம் பழைய டிரான்சிஸ்டர் ஒன்றை வாங்கியிருந்தான். அதில் முள்ளைத் திருப்புகிற குமிழ் உடைந்துபோய், இலங்கை வானொலியின் இங்கிலீஷ் சேவையிலேயே நின்றுவிட்டது. கொடுத்தவர் இதைச் சொல்லாமல் கொடுத்துவிட்டார். பல நாள் அது வெறும் இரைச்சலாகத்தான் ஓடியது. ஒரு மத்தியானம் இந்த ஐந்து பேரின் பாட்டு வந்தபோது அவன் எழுந்து உட்கார்ந்தான். கூட இருந்தவர்களையும் தட்டி எழுப்பினான். "அஞ்சு பேருமா ஒரே மூட்டையத் தூக்குறாங்கடா. எறக்கவே மாட்டேங்குறாங்க பாரு" என்றான். மற்றவர்களுக்கு அப்படி எதுவும் கேட்கவில்லை. சுமை தூக்குகிறவனைக் கண்டால் சும்மா நிற்காமல் தோள் கொடுப்பது மூட்டைக்காரர்களிடம் உள்ள பழக்கம். உத்திராபதியும் மனதால் தோள் கொடுத்திருக்க வேண்டும். மறுநாள் காலை அவனால் பாயிலிருந்து எழ முடியவில்லை.

ரயிலில் யாரோ விட்டுப்போன இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றில் அந்த ஐந்து பேரின் படம் கிடைத்தது. பார்சல் ஆபீஸ் குமாஸ்தா அரியமுத்து படித்துப் பெயர் சொல்ல, உத்திராபதி படத்தைக் கத்தரித்து வீட்டுச் சுவரில் ஒட்டினான். தோள் வரை தலைமுடி தொங்க நின்றிருந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்து, இவர்கள் எந்தக் கோயிலுக்கு முடி நேர்ந்துகொண்டவர்கள், எப்போது இறக்குவார்கள் என்று அக்கறையாக விசாரித்தார்கள். மனைவி பச்சையம்மாள் தெரியாது என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். உத்திராபதிக்கும் அவளுக்கும் பிள்ளை இல்லை. ஊர் அதற்கும் லாந்தர் கோஷ்டியையே காரணம் சொன்னது, அதில் ஓரளவு நியாயமும் இருந்தது.

பச்சையம்மாள் அந்தப் பாட்டுகளில் ஒன்றைக்கூட விரும்பவில்லை. ஆனாலும் லண்டனில் இருந்த எவரையும்விட அவளுக்கு அந்த ஐந்து பேரையும் நன்றாகத் தெரிந்துவிட்டது. நொச்சி இலை ஒத்தடம் கொடுக்கும்போதே ஆள் அடையாளம் கண்டுபிடித்துவிடுவாள். மணிக்கட்டும் தோளும் கன்றியிருந்தால் மேளக்காரன். விரல் நுனி எரிந்தால் கிதார்க்காரன். தொண்டை என்றால் பாடுகிறவன். கழுத்து பிடித்திருந்தால், பெட்டி வாசிக்கிற கண்ணாடிக்காரன். ஐந்தாவது ஆள் ஒரு மூலையில் நின்றுகொண்டே தடித்த கம்பி கிதாரை மீட்டுகிறவன், அவனால் முழங்கால் மட்டும் வலிக்கும். ஐவரில் அவன் ஒருவனைத்தான் அவள் கொஞ்சம் மரியாதையுள்ளவன் என்று நினைத்தாள். "இன்னிக்கு யாரு, மேளக்காரனா?" என்று கேட்டுக்கொண்டே எண்ணெய்க் கிண்ணத்தை எடுப்பாள். உத்திராபதி கண்ணைத் திறக்காமல் தலையாட்டுவான்.

அந்தக் கோஷ்டிக்குக் களைப்பே வருவதில்லை என்று பத்திரிகைகள் அதிசயப்பட்டு எழுதியிருப்பதை அரியமுத்து படித்துக் காட்டினார். ஜப்பானில் இரவெல்லாம் வாசித்துவிட்டுக் காலையில் பந்து விளையாடப் போனார்களாம். பச்சையம்மாள் கேட்டுவிட்டு, போக மாட்டார்களா என்ன என்று மட்டும் சொன்னாள். உத்திராபதி வேலைக்குப் போகிற நாட்கள் குறைந்துகொண்டே வந்தன. குடிக்கிறான் என்றார்கள், பிறகு காத்துக்கருப்பு என்றார்கள். மேஸ்திரி அய்யம்பெருமாள் நல்ல மனிதர்தான், ஆனாலும் எத்தனை நாளைக்குப் பொறுப்பார். கடைசியில் இவன் இடத்தில் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார். பச்சையம்மாள் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல் சுமக்கப் போனாள்.

அதற்கு அடுத்த வருடம் அவனைப் பெரம்பலூர் வழியாகக் குரும்பலூருக்கு பஸ்ஸில் கூட்டிப் போனாள். அங்கே வைரக்கண்ணு பூசாரி கைராசிக்காரர் என்று பேர். அவர் உடுக்கடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, ஐந்து பேர் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள், ஐந்து பேரும் ஆண்கள், வந்த திசை மேற்கு என்றார். அதுவரை சரியாகவே சொன்னார். விரட்டுவது சுலபம், ஆனால் இவன் தன் வாயால் ஒருமுறை போங்கள் என்று சொல்ல வேண்டும் என்றார். உத்திராபதி வாயைத் திறக்கவில்லை. பச்சையம்மாள் அவன் தாடையைப் பிடித்து ஆட்டினாள். பூசாரி கையிலிருந்த எலுமிச்சம்பழம் வாடுகிற வரைக்கும் காத்திருந்தார்கள்.

"நான் போவச் சொன்னா அவுங்க யாருகிட்டப் போயி எறக்கி வெப்பாங்க?" என்றான் அவன் கடைசியில்.

"அப்ப நான் யாருகிட்ட எறக்கி வெக்கிறது?" என்றாள் பச்சையம்மாள்.

பூசாரி உடுக்கையை உறைக்குள் போட்டார். இருவரும் பஸ் ஏறித் திரும்பினார்கள். அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. தன் காலில் எழுந்து நிற்கிற ஒரு புருஷன் வேண்டும், சாயங்காலம் களைத்து வந்தால், களைத்திருக்கிறாயா என்று கேட்கிற அளவுக்கு அவனுக்குத் தெம்பு இருக்க வேண்டும். அது நடக்கப்போவதில்லை என்று அன்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. அழுதாள், அழுகை பாதியில் தூங்கிப்போனாள்.

அப்புறம் வருடங்கள் ஓடின. எமர்ஜென்சி வந்து போனது, வெள்ளாற்றில் வெள்ளம் வந்து போனது, சுரங்கம் இன்னும் கீழே இறங்கியது. உத்திராபதி படுத்தே இருந்தான். ஐவரும் பூமியின் ஒரு பக்கம் விடாமல் சுற்றி வந்தார்கள். பச்சையம்மாள் காலையில் கல் சுமந்தாள், மாலையில் எண்ணெய் தேய்த்தாள். அவளுடைய அசதியை அவளேதான் வைத்துக்கொண்டிருந்தாள்.

எண்பத்து ஒன்றாம் வருடம் ஐப்பசியில் ஒரு காலை உத்திராபதி பாயைச் சுருட்டி வைத்துவிட்டு எழுந்து நின்றான். உடம்பில் எங்கும் வலியில்லை. வாசலுக்குப் போய்ப் பார்த்தான், தண்ணீர்க் குடத்தைத் தூக்கிப் பார்த்தான். பிறகு அப்படியே உட்கார்ந்து, "நிறுத்திட்டாங்க பச்ச" என்று அழ ஆரம்பித்தான். கோஷ்டி பிரிந்துவிட்டது. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லையாம், வக்கீல் வைத்திருக்கிறார்களாம். இந்தச் சேதி அரியமுத்துவின் பத்திரிகைக்கு வந்துசேர மறு வருடம் ஆயிற்று.

ஊரார் நல்லதாயிற்று என்றார்கள். பச்சையம்மாளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் எழுந்து நின்றவனுக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் போயிற்று. அய்யம்பெருமாள் எப்போதாவது ஒரு நாள் கூப்பிட்டார். மற்ற நாட்களில் வலியில்லாத கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, அந்த டிரான்சிஸ்டரைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் அவள் வந்து கூடைக்கு அடியில் தலையில் வைக்கிற சும்மாட்டுத் துணியைக் கொடியில் போடும்போது நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கையைப் பார்ப்பான். படுத்திருந்தவனே தேவலை என்று ஒருநாள் அவள் வாய்விட்டுச் சொன்னாள். சொன்னதற்காக வருத்தமும் பட்டாள்.

மாசி மாதம் ஒருநாள் அவள் கஞ்சித் தூக்கை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதை எடுத்துக்கொண்டு அவன் சுரங்கத்துக்குப் போனான். எட்டு வருடத்தில் அவன் அங்கே போனது அதுதான் முதல் தடவை. மேட்டில் நின்று பார்த்தால் பள்ளம் முழுக்க வெள்ளையாகக் கண் கூசியது. பெண்கள் கல்கூடையைத் தலையில் வைத்துச் சரிவில் வரிசையாக ஏறி வந்தார்கள். பச்சையம்மாள் நடுவில் வந்தாள். கொட்டிவிட்டு இறங்கினாள், மறுபடி ஏறினாள். பாட்டு இல்லை, கைதட்ட ஆள் இல்லை, மேலே வந்தால் மூச்சு வாங்க நிற்கக்கூட இடமில்லை. உத்திராபதி தூக்கைக் கீழே வைக்கவும் மறந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, வேலை முடிகிற வரைக்கும் அங்கேயே நின்றான். அவள் மேலே வந்தபோது கஞ்சி வெயிலில் புளித்திருந்தது.

"தெனமும் இப்புடித்தானா?" என்றான்.

"பின்ன எப்புடி?" என்றாள் அவள்.

மறுநாள் வேலையில் பச்சையம்மாளுக்கு வேர்க்கவில்லை. வெயில் குறைவு என்று நினைத்தாள், ஆனால் பக்கத்தில் கல் சுமந்த கொளஞ்சியம்மாள் மயங்கி விழ, முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். பொழுது சாய்ந்தபோது அவளுக்கு அப்போதுதான் குளித்துவிட்டு வந்தது போல இருந்தது. வீட்டுக்கு நடந்தாள், நடக்க நன்றாக இருந்ததால் கொஞ்சம் சுற்றிக்கொண்டு நடந்தாள். வீட்டில் உத்திராபதி பாயில் கிடந்தான். அவள் உட்கார்ந்து பழக்கம்போல மணிக்கட்டைத் தொட்டாள், விரலைத் தொட்டாள், தொண்டையைத் தடவினாள். எங்கும் வலியில்லை என்றான். உச்சந்தலையில் சும்மாடு அழுத்துகிற இடத்தில் கை பட்டதும் துடித்துப்போனான். அடுத்து இடுப்புக்கு மேலே இடது பக்கம் ஒரு நரம்பைத் தொட்டாள், அங்கேயும் துடித்தான். அந்த இரண்டு இடமும் அவளுக்குத் தெரியும். எட்டு வருடமாகத் தெரியும். கையை எடுக்காமலே எண்ணெய்க் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்தாள்.

"என்னுதப் போவச் சொல்லிடுங்க" என்றாள்.

அவன் மாட்டேன் என்று தலையை அசைத்தான்.

அதன்பிறகு பச்சையம்மாள் ஞாயிற்றுக்கிழமைகளில் கையைக் காலை அசைப்பதில்லை. தண்ணீர் எடுக்கவில்லை, அடுப்புப் பற்றவைக்கவில்லை. முதல் நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். அன்று உத்திராபதி எழுந்து குளித்து, சட்டை போட்டுக்கொண்டு டவுன் பக்கம் போய் வருவான். தெருவில் போகிற பெண்கள், என்னடி, இப்படிச் சும்மா உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்பார்கள்.

"அவரு ரொம்ப அசந்துபோயிருக்காரு. இன்னிக்கு ஒரு நாளாவது ஓய்வெடுக்கட்டும்னுதான்" என்பாள்.

சரிதான் என்று சொல்லிவிட்டு அவர்கள் சந்தைக்குப் போவார்கள்.