அட்டுவம்பட்டிக் கடல்

1

இது நானாக எழுத நினைத்த கதை இல்லை. கேட்டு வாங்கிய கதை. ஒரு பத்திரிகை கடலோரச் சிறப்பிதழ் போடுகிறதாம். கடலுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் அனுபவிக்கும் சின்னச் சின்னச் சுகங்களைப் பற்றி ஒரு கதை வேண்டும் என்றார்கள். ஆகட்டும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து ஜன்னலைத் திறந்த பிறகுதான் உறைத்தது, நான் இருப்பது கொடைக்கானலில். கடலை நான் அதிகம் பார்த்தது காலண்டரில்தான்.

இருந்தாலும் தொடங்கினேன்:

மாலை வெயிலில் அலைகள் பொன்னாக மின்ன, மீனவர்கள்

அந்த நேரத்தில் மீனவர்கள் என்ன செய்வார்கள்? எனக்குத் தெரியாது. வாக்கியத்தை அப்படியே விட்டிருக்கிறேன். அவர்கள் தங்கள் சௌகரியம்போல எதையாவது செய்துகொள்ளட்டும். எனக்குப் பழக்கமான கடல் ஒன்றே ஒன்று. அது அட்டுவம்பட்டியில் இருக்கிறது. (மலைமேல் கடல் ஏது என்று கேட்கத் துடிப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். உங்களுக்கு முன்னாலேயே பழனிக்காரர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டார்.)

2

லீலா அடக்கமான பெண்.

(இந்த வாக்கியத்தை எழுதியதும் எனக்கே சிரிப்பு வந்தது. அடித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

லீலா பழனி அடிவாரத்துப் பெண். அப்பா மயில்சாமிக்கு விபூதி, பஞ்சாமிர்தம், காவடிச் சாமான் விற்கிற கடை. கிருத்திகை என்றால் கூட்டம், பூசம் என்றால் கூட்டம், ஒன்றும் இல்லாத நாளில் சும்மா வந்து போகிற கூட்டம். அந்த வீட்டில் யாராவது இரண்டு நிமிஷம் உட்கார்ந்தால் போதும், கல்லாவிலிருந்து மயில்சாமியின் குரல் வரும்: "என்ன, சோலி ஒண்ணும் இல்லையா?" அவரும் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நாற்காலி கிடந்தது. அதன்மேல் சரக்கு இருந்தது.

ஒருநாள் திருச்செந்தூர்ப் பக்கத்து அம்மாள் ஒருத்தி விபூதி வாங்க வந்தாள். கடலோரத்தில் வீடாம்.

"வேலை முடிஞ்சா என்ன செய்வீங்க?" என்று லீலா கேட்டாள்.

"கடக்கரையில போயி உக்காந்திருப்போம்."

"உக்காந்து?"

"கடலப் பாப்போம்."

"யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?"

"கடலத்தான பாக்கோம், அதுல கேக்க என்ன இருக்கு?"

அன்றைக்குத்தான் லீலாவுக்குக் கடல்மேல் ஆசை பிடித்தது. தண்ணீருக்காக இல்லை. ஒரு மனுஷி கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதற்கு ஊரே ஒப்புக்கொண்ட சாக்கு அது ஒன்றுதான் என்று அவளுக்குப் பட்டது. வரன் பார்க்கத் தொடங்கியபோது, "கடலுக்குப் பக்கத்துல வீடு இருக்கணும். இல்லாட்டி வேண்டாம்" என்றாள். திண்டுக்கல்லைத் தாண்டிப் பெண் கொடுக்காத குடும்பம் அது. எல்லா வரனும் தானாகவே கழன்றுகொண்டது. மயில்சாமி பெரிதாக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. கடையில் அவள் இரண்டு ஆள் வேலை பார்த்தாள்.

3

தரகர் சேனாதிபதி இந்த நிபந்தனையைப் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். எழுபத்தெட்டாம் வருஷம் அட்டுவம்பட்டியிலும் சொன்னார். கேட்டவன் பொன்னுவேல். தாண்டிக்குடி காப்பித் தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டுகிறவன். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

"கடல்தான? எங்க வீட்டுக்குப் பின்னால பாறை இருக்கு, அங்க வரும்னு சொல்லுங்க. தினம் வராது. வர்ற அன்னைக்கு எனக்கும் சோலி கெடையாது."

"மலையில ஏதுய்யா கடல்?" என்று மயில்சாமி கேட்டார். (வந்துவிட்டார் பாருங்கள்.)

லீலா கேட்கவில்லை. தன் பேச்சைக் கிறுக்கு என்று சொல்லாத முதல் ஆள் இவன் என்பது அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் லேசில் விடுகிறவளா? வருகிற தைப்பூசத்துக்குள் கடல் வரவில்லை என்றால் அப்பா வீட்டுக்கே திரும்பிவிடுவேன், பிறகு வந்து கூப்பிடக் கூடாது என்று சொல்லி அனுப்பினாள். பொன்னுவேல் சரி என்றான்.

எந்தத் தகப்பன் இதற்குச் சம்மதிப்பான்? நியாயமான கேள்வி. நானும் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு ஒரு காப்பி குடித்தேன். மயில்சாமி சம்மதித்தார், ஏனென்றால் பூசக் கூட்டத்துக்குக் கடையில் ஆள் வேண்டும், மகள் அதற்குள் வந்துவிடுவாள் என்று நம்பினார்.

4

கல்யாணம் முடிந்து, ஐப்பசி மழை விட்ட ஒரு நாள், பொன்னுவேல் அவளை வெள்ளனே எழுப்பிப் பாறைக்குக் கூட்டிப் போனான்.

கீழே ஊர் இல்லை, காடு இல்லை, ரோடு இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளை மேகம் பரந்து கிடந்தது. அங்கங்கே மலை உச்சிகள் மட்டும் தீவு தீவாக நின்றன. (அதே நேரம் பழனியில் மயில்சாமி அண்ணாந்து பார்த்து, "மோடம் போட்டுருக்கு, யாவாரம் மந்தந்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கடலுக்கு அடியில் இருப்பது அவருக்குத் தெரியாது.)

"அலை எங்கங்க?" என்றாள் லீலா.

"நல்லாப் பாரு, வருது. வயசான கடல், மெதுவாத்தான் வரும்."

"உப்பு?"

பொன்னுவேல் மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தான். டபுள் பீன்ஸ் சுண்டல். "இதுல போட்டுருக்கேன்."

காலைத் தொங்கப் போட்டு இருவரும் தின்றார்கள். ரோடே தெரியாததால் ஜீப் எடுக்க முடியாது. கொஞ்ச நேரத்தில் பழக்கதோஷத்தில் அவள் எழுந்தாள்.

"பாத்திரம் கழுவாமக் கெடக்கு."

"கடல் வந்துருக்கு, இப்பப் போயி பாத்திரங்கிற."

லீலா உட்கார்ந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததே இல்லை. ஆனால் அதை அவனிடம் சொன்னாளா என்றால், இல்லை.

"கடல் மாதிரிதான் இருக்கு" என்றாள். "மாதிரிதான்."

அதற்குப் பிறகும் பல காலைகளில் கடல் வந்தது, சுண்டலும் வந்தது. அது கடல்தான் என்கிற லீலாவின் தீர்ப்பு மட்டும் வரவில்லை. ('இதில் கடல் எங்கே?' என்று பத்திரிகை ஆசிரியரும் கேட்பார். அவருக்கு என்னால் சுண்டல் அனுப்ப முடியாது.)

5

பூசத்துக்கு முன்னால் மயில்சாமி வந்து இறங்கினார்.

"கடல் வந்துச்சா?"

லீலா பொய் சொல்லத் தெரியாதவள்

இல்லை, நன்றாகவே சொல்வாள். அப்பாவிடம்தான் வராது. "மாதிரி வந்துச்சுப்பா" என்றாள்.

"மாதிரியெல்லாம் நமக்கு ஆகாது. நாளைக்குக் காலையில என் கண்ணு முன்னால வரட்டும். வந்தா இருந்துக்க. வராட்டி பையத் தூக்கு, கூட்டம் இப்பவே ஆரம்பிச்சுருச்சு."

நிபந்தனை அவளே போட்டது. மாற்றிப் பேச வாய் வரவில்லை. அடுப்படியில் நின்று பையில் சேலைகளை அடைத்தாள். போனால் திரும்ப வர முடியாது என்று நினைத்ததும், அடைத்த சேலையை வெளியே எடுத்து மறுபடி மடித்தாள். பொன்னுவேல் வாசலுக்கும் பாறைக்குமாக நடந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

6

முதல் முடிவு: விடியும்போது மேகம் திரண்டு வருகிறது. மயில்சாமி வாயடைத்துப் போகிறார். (சிறப்பிதழுக்கு ஏற்றது. படமும் நன்றாக வரும்.)

இரண்டாவது: மேகம் வரவில்லை, லீலா பஸ் ஏறுகிறாள், ஜன்னலோரமாக அவள் கண்கள்

இதை எழுத எனக்கு மனசு வரவில்லை.

நடந்தது என்னவோ இதுதான். மேகம் வரவில்லை. வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. மூவரும் பாறையில் நின்றார்கள். கீழே சமவெளி முழுக்கத் தெரிந்தது.

"அந்தா, சின்னதா, அது என்னது?" என்றார் மயில்சாமி.

"நம்ம மலைதாம்ப்பா. பழனி."

"அதுவா?" கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டார். "கூட்டத்தையே காணோமே."

"இங்கேருந்து தெரியாதுப்பா."

"கடை?"

"அதுவுந்தான்."

மயில்சாமி தோள் துண்டை எடுத்துப் பாறையைத் தட்டினார். பிறகு உட்கார்ந்தார். சம்மணம் போட்டு, கைகளை மடியில் வைத்து. லீலா பிறந்ததிலிருந்து பார்க்காத காட்சி அது. வெயில் ஏறியது. அவர் எழவில்லை.

"அப்பா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"இரு தாயி."

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. பாத்துக்கிட்டு இருக்கேன்."

லீலாவின் கண் நிறைந்துவிட்டது. அவருடைய முதுகைப் பார்த்தாள். அவருக்கு முன்னால் விரிந்து கிடந்த வெறும் வெளியைப் பார்த்தாள். தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் அவள்தான்.

"கடல் வந்துருச்சா, இல்லையா?" என்று பொன்னுவேல் மெதுவாகக் கேட்டான். அவன் கையில் அவளுடைய பை.

இதற்குமேல் நான் எழுதப் போவதில்லை. அந்தப் பை பஸ்ஸுக்குப் போக வேண்டுமா, வீட்டுக்குள் போக வேண்டுமா என்று அவனுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் வெரசாச் சொன்னால் நல்லது, பை கனம். மயில்சாமியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அவர் எழுந்திருக்க இன்னும் நேரமாகும்.