மார்லிஸ் சொல்லாத சொல்

1

ஒரு தொலைக்காட்சிப் பெட்டி பேசாமல் இருந்தபோதுதான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. பெட்டி கெட்டுப்போகவில்லை. படம் ஓடிக்கொண்டிருந்தது. காற்று வீசுவதும் எங்கோ ஒருவர் இருமுவதும் கேட்டன. பேச வேண்டியவள் பேசவில்லை, அவ்வளவுதான். கல்லூரி நூலகத்தின் கீழ்த்தளத்தில், அடுக்க வேண்டிய புத்தகங்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடி அந்த மௌனத்தைக் கேட்டேன். அமெரிக்காவில், நெப்ராஸ்காவின் இந்தச் சிற்றூரில் பல வருடங்களாக வாழ்கிறேன். இந்த ஊரைப் பற்றிப் பெருமையாக ஒரு வரி எழுத வேண்டும் என்று தோன்றியது அன்றுதான். ('அன்றுதான்' என்பது மிகை. அடித்துவிடலாம். வேண்டாம், இருக்கட்டும்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஏப்ரல் மாதத்து வெள்ளிக்கிழமை மதியம், லிண்ட்கிரென் கல்லூரியின் பேஸ்பால் மைதானத்தில் வடக்குக் காற்று

காற்று என்ன செய்தது என்று எழுத வரவில்லை. விட்டுவிட்டேன். பிறகு:

மார்லிஸ் குசேரா பேசிப் பிழைக்கிறவள்.

இது பரவாயில்லை. இங்கிருந்து போகலாம்.

2

மார்லிஸ் குசேரா பேசிப் பிழைக்கிறவள். ஊர்ப் பண்ணை வானொலியில் லிண்ட்கிரென் அணியின் ஆட்டங்களை வர்ணிப்பது அவள் வேலை. அணியின் பெயர் நாரைகள். வானொலியில் ஒரு நொடி பேச்சு நின்றால் நிலையம் செத்துவிட்டது என்று கேட்பவர்கள் நினைப்பார்கள். அதனால் அவள் எதையும் விடமாட்டாள். பந்து வீசுகிறவன் தொப்பியைத் தொட்டால் சொல்வாள். நடுவர் குனிந்து தளத்தைத் துடைத்தால் சொல்வாள். ஒன்றுமே நடக்காதபோது வானத்தைச் சொல்வாள். இடையில் பன்றி விலையையும் சோள விலையையும் வாசித்துவிட்டு, மூச்சு வாங்காமல் ஆட்டத்துக்குத் திரும்புவாள்.

லிண்ட்கிரென் போன்ற எட்டுச் சிறு கல்லூரிகள் சேர்ந்தது சமவெளிக் கூட்டமைப்பு. எட்டும் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும். வெளியே ஒருவருக்கும் தெரியாது. படம் காட்டும் ஆசை வந்தபோது, வேலிக் கம்பத்தில் ஒட்டுநாடாவைச் சுற்றி ஒற்றைக் கேமராவைக் கட்டினார்கள். அதன் கண்ணாடியில் ஒரு சிலந்தி வலை பின்னியது. ஒரு முழு ஆட்டத்தை எட்டு ஊர்களும் சிலந்தியின் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்த்தன. அப்புறம் மாணவர்களே இயக்கும் மூன்று கேமராக்கள் வந்தன. அப்புறம் நாடு முழுக்கத் தெரியும் ஒரு விளையாட்டு அலைவரிசையோடு ஒப்பந்தம்: அவர்களுடைய செயலியின் ஒரு மூலையில் ஆட்டம் ஓடும், வேண்டியவர்கள் தேடிக்கொள்ளலாம். இந்த வருடம் மார்லிஸையும் வானொலியிலிருந்து படத்துக்கு மாற்றினார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை அவளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அன்றைக்குப் பந்து வீசப்போகிற கேலப் நோவோட்னியின் அப்பா வெய்ன். வடக்கே மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர். அங்கே படம் ஓடுமளவுக்கு இணையம் வந்ததே இப்போதுதான். ஏப்ரல் கன்று ஈனும் மாதம். பண்ணையை விட்டு அரை நாள்கூட நகர முடியாது.

"மார்லிஸ், இன்னைக்கு நெசமாவே படம் தெரியுமா?"

"தெரியும் வெய்ன். கேலப் மூக்குல இருக்கற மச்சம்கூடத் தெரியும்."

"நாலு வருசமா ஏப்ரல்ல அவன் வீசறத உங்க வாயாலதான் பாத்துட்டிருக்கேன்."

"இன்னைக்கு உங்க கண்ணால பாப்பீங்க."

"அப்ப நீங்க கொஞ்சம் கம்மியாப் பேசினாலும் பரவால்ல. நான்தான் பாக்கறேனே."

அவள் சிரித்துவிட்டு அதை மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை. நீங்களும் மறக்காமலிருந்தால் நல்லது.

3

ஒரு சொல்லை இப்போதே சொல்லியாக வேண்டும். கதையில் இன்னும் முதல் பந்து வீசப்படவில்லை என்பதால் இது பாதுகாப்பான இடம்.

பேஸ்பாலில் ஒன்பது இன்னிங்ஸ்; ஒவ்வொன்றிலும் எதிரணியின் மூன்று பேரை வெளியேற்ற வேண்டும். ஒரே பந்துவீச்சாளன் ஒன்பதிலும் வீசி, எதிரணியில் ஒருவன்கூட மட்டையால் அடித்த பந்து பிடிபடாமல் விழ, ஓடித் தளம் சேராமல் (சேர்ந்தால் அது 'அடி') பார்த்துக்கொண்டால், அதற்கு 'நோ-ஹிட்டர்' என்று பெயர். வாழ்நாள் முழுக்க ஆட்டம் பார்த்தவர்களில் பலர் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை.

அது நடந்துகொண்டிருக்கும்போது அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது. சொன்னால் கலைந்துவிடும். அணிக்காரர்கள் பந்துவீச்சாளன் பக்கத்தில் உட்காரமாட்டார்கள், அவன் கண்ணைப் பார்க்கமாட்டார்கள். இது மூடநம்பிக்கை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சொல்லைச் சொல்ல யாரும் துணியமாட்டார்கள்.*

இந்தக் கதையில் அந்தச் சொல் இனி வராது.

* துணிந்த ஒருவர் உண்டு. அடுத்த பகுதியில் வருகிறார்.

4

டேல் சோரென்சன். மார்லிஸுக்கு முன்னால் அதே வானொலியில் வர்ணனை செய்தவர். ரொம்ப காலத்துக்கு முன்பு, ஓர் ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில், உற்சாகம் தாங்காமல் அந்தச் சொல்லைக் காற்றில் விட்டார். அடுத்த பந்து மட்டையின் நுனியில் பட்டு, இரண்டாம் தளத்துக்குப் பின்னால் நனைந்த துணி மாதிரிப் பொத்தென்று விழுந்தது. அடி. எல்லாம் போயிற்று.

இன்றுவரை டேல் காபிக் கடைக்குள் நுழைந்தால் எல்லோரும் விரலை உதட்டில் வைத்துக்கொள்வார்கள். பள்ளி வாரியத் தேர்தலில் நின்று தோற்றார். அதற்கும் அதுதான் காரணம் என்கிறார்கள். படம் வந்த பிறகு, மார்லிஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டத்தின் நுணுக்கங்களைச் சொல்ல அவரைக் கூப்பிட்டார்கள். அவரைத் தவிர வேறு யாரும் ஓய்வாக இல்லை.

(டேலை வெறும் கோமாளியாக எழுதுகிறேனோ என்று இந்த இடத்தில் ஒருநாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கோமாளிதான். ஆனால் ஊர் கேலி செய்வதற்காகவாவது ஒருவரை இத்தனை காலம் நினைவில் வைத்திருக்கிறதே, அதிலும் ஒரு பாசம் இருக்கிறது. மேலே போகிறேன்.)

5

எதிரணி கன்சாஸிலிருந்து வந்த டெக்கர் கல்லூரி. முதல் நான்கு இன்னிங்ஸைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்று எழுதினால், ஒன்றுமில்லை என்பதுதான் விஷயம் என்று உங்களுக்கு இப்போது புரியும்.

ஐந்தாவதில் மார்லிஸின் காதுக்கருவியில் ஒரு புதிய குரல் வந்தது. அலைவரிசையின் தலைமை அலுவலகத்தில், ஆயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் தயாரிப்பாளர் கீத்.

"மார்லிஸ், நான் கீத். தெக்க பெரிய பல்கலைக்கழகங்களோட ஆட்டம் மழைல போச்சு. உங்க ஆட்டத்த மெயின் சேனல்ல போடறேன். ரெண்டு நிமிசத்துல."

"எங்களதையா?"

"நாட்டுல இப்ப வெயில் அடிக்கறது உங்க ஊர்ல மட்டும்தான்."

"வெயிலா?" என்றார், தன் காதுக்கருவியில் அதைக் கேட்ட டேல். "என் காலு ரெண்டும் மரத்துப் போச்சுய்யா."

அதற்குள் மெயின் சேனலில் போட்டுவிட்டார்கள்; அது நாடு முழுக்கக் கேட்டது.

ஏழாவது இன்னிங்ஸ் முடிந்தபோது நாரைகள் இரண்டு ஓட்டம் முன்னால் இருந்தார்கள். டேல் சூரியகாந்தி விதைகளை ஒரு கைப்பிடி அள்ளி வாய் நிறையத் திணித்துக்கொண்டார். ருசிக்காக அல்ல. வாயை அடைக்க.

"மார்லிஸ்," என்றது காதுக்குள் கீத்தின் குரல். "பையன் என்ன பண்ணிட்டிருக்கான்னு நீங்க இன்னும் சொல்லவே இல்ல."

மேசையில் ஒரு பொத்தான் உண்டு. இருமல் வந்தால் அழுத்த வேண்டியது. அழுத்தியிருக்கும்வரை பேச்சு ஒளிபரப்பில் போகாது; கீத்துக்கும் கேமராக்காரர்களுக்கும் மட்டும் கேட்கும். மார்லிஸ் அதை அழுத்தினாள்.

"இங்க அதைச் சொல்லமாட்டாங்க கீத்."

"யாரு?"

"யாரும்."

"இங்க பாருங்க. சேனல் மாத்திக்கிட்டே வர்றவனுக்குப் பேர் தெரியாத கல்லூரி, பேர் தெரியாத பையன். அந்த ஒரு வார்த்தைதான் அவன நிறுத்தும். இன்னைக்கு எத்தன பேரு நின்னு பாத்தாங்கன்னு வெச்சுதான் அடுத்த வருசம் உங்க எட்டுக் கல்லூரிய எங்க வெக்கறதுன்னு மேல முடிவு பண்ணுவாங்க. மெயின்லயா, மூலைலயான்னு."

"சொல்லி, அடுத்த பந்து அடி விழுந்துச்சுன்னா?"

"நீங்க இதையெல்லாம் நம்பறீங்களா?"

அவள் டேலைப் பார்த்தாள். கன்னம் இரண்டும் உப்பி, அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்பறவங்களோட வாழறேன்," என்றாள்.

6

கீத்தை முதல் வடிவத்தில் வில்லனாக எழுதியிருந்தேன். விலையுயர்ந்த கைக்கடிகாரம், எரிச்சலான குரல், சின்ன ஊர் என்றாலே ஏளனம். கதை வசதியாக ஓடியது. அதனாலேயே சந்தேகம் வந்தது.

அன்று அந்த இடைவெளியில் போட அவரிடம் பழைய ஒளிப்பதிவுகள் எத்தனையோ இருந்திருக்கும். அவர் எங்களைத் தேர்ந்தெடுத்தார். சொன்னதும் சரிதான். எட்டு ஊர்களும் இத்தனை வருடம் ஏங்கியது இதற்குத்தான். எங்களுக்கு நல்லது செய்ய நினைக்கிற ஒருவர், செய்யக்கூடாத ஒன்றைக் கேட்கிறார். மார்லிஸுக்கு அதுதான் கஷ்டம். வில்லன் என்றால் அவள் காதுக்கருவியைக் கழற்றி வைத்திருப்பாள், கதையும் அங்கேயே முடிந்திருக்கும்.

கைக்கடிகாரத்தை அடித்துவிட்டேன்.

7

எட்டாவது இன்னிங்ஸ். கேலப் வீச வருவதற்கு முன் சில நிமிடங்கள். மார்லிஸின் விரல் மறுபடி இருமல் பொத்தானில்.

"ஆனிகா, பெஞ்சைக் காட்டும்மா," என்றாள். ஆனிகா, குளிர்ச்சட்டைக்குள் பாதி மறைந்து கேமராவைப் பிடித்திருந்த மாணவி.

படம் மாறியது. நீளமான பெஞ்சின் ஒரு கோடியில் கேலப். மறுகோடியில் அணி முழுவதும், பேருந்தில் நெருக்கியடித்து உட்கார்ந்த மாதிரி. நடுவில் வெறும் பலகை.

"இப்ப ஸ்கோர் போர்டு."

டெக்கர் கல்லூரியின் பெயருக்கு எதிரே, அடிகள் என்ற கட்டத்தில் ஒரு பூச்சியம். ஆனிகா அதில் கேமராவை நிறுத்தினாள்.

மார்லிஸுக்குள் சொற்கள் வரிசை கட்டி நின்றன. பேசிப் பேசியே வளர்ந்த நாக்கு. அப்போதுதான் காலையில் வெய்ன் சொன்னது நினைவுக்கு வந்தது. நான்தான் பாக்கறேனே. இத்தனை வருடமும் அவள் பேசியது பார்க்க முடியாதவர்களுக்காக. இப்போது அவர்கள் பார்க்கிறார்கள்.

பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

"இப்பத்தான் வந்திருந்தீங்கன்னா," என்றாள் நாட்டுக்கு, "உட்காருங்க."

அப்புறம் பேசவில்லை.

(இதற்கு மேல் இங்கே நான் எழுதியிருந்த இரண்டு பத்திகளை எடுத்துவிட்டேன். மௌனத்தைப் பற்றி ரொம்ப நன்றாக எழுதியிருந்தேன். அவள் வாயை மூடிக்கொண்ட இடத்தில் நான் பேசுவது சரியில்லை.)

கொடிக்கம்பத்தில் கயிறு மோதும் சத்தம். பந்து கையுறைக்குள் அறையும் சத்தம். டெக்கர் பக்கத்திலிருந்து ஒருவன், "ஏ நாரை! மீனா தேடற?" என்று கத்தியதும், அவன் பக்கத்திலிருந்தவர்களே அவனை அடக்கியதும் கேட்டன. எதிரணிக்காரர்களுக்கும் முறை தெரியும். அவர்களும் எங்கள் கூட்டமைப்புதானே.

"மார்லிஸ், ஒலி போயிடுச்சா?" கீத்.

அவள் பொத்தானை அழுத்தினாள். "போகல."

ஒருவன் வெளியேறினான். இன்னொருவன். மூன்றாமவன் அடித்த பந்தைத் தரையோடு தரையாக விழுந்து பிடித்தார்கள்.

பிறகு கீத்தின் குரல், தாழ்ந்து.

"இங்க திரைல எழுத்து போடற பையன் கீபோர்டுலேர்ந்து கையை எடுத்துட்டான். அந்த வார்த்தையப் போடமாட்டானாம். அயோவாக்காரன். உங்க பக்கத்து மாநிலம்தான்."

"நல்ல பையன். எத்தன பேரு பாக்கறாங்க கீத்?"

"கேக்காதீங்க. சொன்னா போயிடுமோன்னு இருக்கு."

டேலின் காதிலும் அது விழுந்தது. சிரிப்பை அடக்கப் பார்த்து விதைகளை மேசையெல்லாம் துப்பினார்.

8

முடிவு.

முதல் முடிவில் எல்லாம் கைகூடியது. அணி முழுவதும் கேலப் மேல் குவிந்தது, வெய்ன் தொழுவத்தில் ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து அழுதார். வெய்னை நான் பார்த்ததே இல்லை. வாளியும் என் கற்பனைதான். எழுதி முடித்ததும், ஜெயித்ததால்தான் நாங்கள் பெருமைப்பட்டோம் என்பதுபோல் ஆகிவிட்டது. கிழித்தேன்.

இரண்டாவதில் கடைசிப் பந்தில் அடி விழுந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. தோல்வியில் முடித்தால் இலக்கியம் ஆகிவிடும் என்று நினைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதற்காக ஒரு பையனின் மதியத்தைப் பலி கொடுப்பதா?

மூன்றாவது: திடீரென்று பனி

கூடாது.

நடந்ததை நடந்த இடம்வரை சொல்கிறேன். ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் வெளியேறிவிட்டார்கள். ஒருவன்தான் பாக்கி. மைதானத்திலோ, திரையிலோ, எட்டு ஊர்களின் காபிக் கடைகளிலோ, நூலகத்தின் கீழ்த்தளத்திலோ அந்தச் சொல் ஒலிக்கவில்லை. நாடு முழுக்கப் போகும் ஓர் அலைவரிசை, எழுத்தையும் பேச்சையும் ஒதுக்கி வைத்துவிட்டு எங்கள் வழக்கப்படி நடந்துகொண்டது. எங்களை அவர்கள் காட்டுவார்கள் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தோம். அவர்கள் எங்களைப் போல உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று நினைத்ததே இல்லை. என் பெருமை இவ்வளவுதான். இது பந்து எங்கே விழுந்தாலும் மாறாது.

கேலப் வீசினான். மட்டையில் பட்டது. பந்து உயரே, இடது பக்கமாக, மேலே மேலே போயிற்று. நாரைகளின் ஆள் அண்ணாந்தபடி வேலியை நோக்கி ஓடுகிறான். ஆனிகாவின் கேமரா பந்தோடு போகிறது. மார்லிஸ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். டேல் மிச்ச விதைகளை அப்படியே விழுங்கிவிட்டார்.

எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் இதை யாரோ படித்துக்கொண்டிருக்கும்வரை பந்து மேலேதான் இருக்கிறது. ஆட்டம் முடியவில்லை. முடியாத ஆட்டத்தில் எதைச் சொல்லக்கூடாது என்று உங்களுக்கே இப்போது தெரியும்.

நீங்கள்தான் பார்க்கிறீர்களே. உட்காருங்கள்.