அக்காவின் பெயர் வைத்த படிகம்

அவசரக்குடுக்கை என்று அக்கா அவளைச் சின்ன வயதிலிருந்தே திட்டுவாள். திட்டியது வீண்போகவில்லை.

இலைகளின் மேல் மெழுகாகப் படியும் டிரைடெர்பினாய்டுகள் என்ற வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்து, வேறு பொருள்களாக மாற்றிப் பார்ப்பது அவள் வேலை. ஒரு செடியின் இலையை அசிட்டோன் என்ற கரைப்பானில் ஊறவைத்து வடித்தபோது வெள்ளைப் படிகம் ஒன்று கிடைத்தது. அதுவரை யாரும் பார்க்காதது. கண்டுபிடித்தவரே பெயர் வைக்கலாம். தங்கை படிக்கட்டும் என்று தன் படிப்பை விட்ட அக்காவின் பெயரையே வைத்தாள். ஆய்வகத்தில் எல்லோரும் ‘சந்தேகம்’ என்று கூப்பிடும் சீனியர் மட்டும், “அசிட்டோன் இல்லாம ஒரு தடவை பாத்துட்டு எழுதும்மா” என்றார். ஒரு நாள் வேலைதான். கேட்டாளா? கட்டுரை வெளிவந்தது. அக்கா தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள்.

அதற்கப்புறம்தான் படிகத்தை மாற்றிப் பார்க்க அமிலத்தில் சூடாக்கினாள். இரண்டாக உடைந்தது. ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த பழைய டிரைடெர்பினாய்டு. மற்றது அசிட்டோன். பறித்த கையோடு இலையை, அசிட்டோனுக்குப் பதில் எத்தனாலில் ஊறவைத்துத் தேடினாள். படிகம் மருந்துக்குக்கூட இல்லை. பாவம், இலையில் இருந்தது அந்தப் பழைய பொருள் மட்டும்தான். படிகம் அவளே தன் பாட்டிலுக்குள் உண்டாக்கி வைத்தது. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டியதுதான்.

அக்கா வீட்டுக்கு அவள் போனபோது அக்கா தையல் மெஷினில் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் அத்தான் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, அது இலையிலேயே இல்லக்கா. நான் ஊத்தின அசிட்டோன் ஒட்டிக்கிட்டு உண்டானது. கட்டுரையை வாபஸ் வாங்கப் போறேன்.”

“அப்ப என் பேரு?”

“போயிடும்க்கா. தப்பு என்மேலதான். பாக்கச் சொன்னாங்க, நான் பாக்கல.”

திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“உங்க அத்தான்கிட்ட மட்டும் சொல்லிடாத” என்றாள், குரலைத் தாழ்த்தி. “கல்யாணமான நாள்லேருந்து எனக்கு ‘ஏய்’, ‘இந்தா’தான். நீ அந்தக் கட்டுரையைக் காட்டின பிறகுதான் பேர் சொல்லிக் கூப்பிடுறாரு.”

ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கலாம்.

உள்ளேயிருந்து அத்தான் தண்ணீர் கேட்டார், அக்காவைப் பெயர் சொல்லி.

“இதோ வரேங்க” என்று அக்கா எழுந்து போனாள்.