வராதவர்களின் ஓட்டு

நீடாமங்கலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் தேர்தலன்று பாதிப்பேர்கூட ஓட்டுச்சாவடிப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. கோட்டகம் என்ற ஊரில் மட்டும் சதவீதம் எப்போதும் எடுப்பாக இருக்கும். "உங்க ஊரு ஜனத்துக்கு இருக்கிற பொறுப்பு வேற யாருக்குய்யா இருக்கு?" என்று கட்சியின் ஒன்றியச் செயலாளர் ஒவ்வொரு தடவையும் அந்த ஊர்க் கட்சிக்காரர் சவரிராஜின் தோளைத் தட்டுவார். சவரிராஜும் அடக்கமாகச் சிரித்து வைப்பார். ஊர் ஜனம் எங்கே இருக்கிறது என்று அவருக்கல்லவா தெரியும்! பாதி திருப்பூரில், சென்னையில், சிங்கப்பூரில். மிச்சமிருப்பதில் ஒரு பாதி, "யாருக்குப் போட்டு என்னாவப் போவுது?" என்று உளுந்து பறிக்கக் கிளம்பிவிடும்.

அப்புறம் எப்படிச் சதவீதம் ஏறுகிறது? அதுதான் சவரிராஜுக்கும் ராஜாங்கத்துக்கும் நடுவில் இருந்த ரகசியம்.

இருவரும் எதிரெதிர்க் கட்சிகளின் பூத் ஏஜெண்டுகள். தெருவில் பார்த்தால் கீரியும் பாம்பும்தான். கொடிக்கம்பம் நடுகிற இடத்துக்காக ஒருமுறை காவல் நிலையம் வரைக்கும் போனவர்கள். ஆனால் பூத்துக்குள் நுழைந்துவிட்டால் ஒரே தூக்கில் டீ வாங்கிக் குடிப்பார்கள். தேர்தலுக்கு முதல்நாள் சாயந்திரம் ராஜாங்கத்தின் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து, வாக்காளர் பட்டியலை விரித்து, ஊரில் இல்லாதவர்களை வரிசையாக ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள். யார் பங்கில் பெயர் விழுகிறதோ, அவர், வெளியூர் போனவர் வீட்டில் விட்டுப்போன வாக்காளர் அட்டையை வாங்கி, அதைக் கொடுத்து அனுப்ப ஒருவரைத் தேட வேண்டும்; அந்த ஓட்டு அவர் கட்சிக்கு. ஊருக்கு விருந்தாக வந்தவர், ஓட்டு வேறு ஊரில் இருப்பவர் என்று யாராவது அகப்படுவார்கள். மத்தியானம் கூட்டம் அடங்கியதும் ஒவ்வொருவராக வருவார்கள். இரண்டு ஏஜெண்டுமே வாயைத் திறக்காவிட்டால் வெளியூரிலிருந்து வந்த தேர்தல் அதிகாரிக்கு என்ன தெரியும்? தகராறு நடக்கும் பூத்துகளுக்குத்தான் கேமரா வைப்பார்கள். கோட்டகத்தில்தான் தகராறே கிடையாதே.

இந்தத் தடவை அதற்கும் ஒரு சோதனை வந்தது. புதிதாக ஒரு கட்சி முளைத்திருந்தது. கொள்முதல் நிலைய வாசலில் கொட்டிக் கிடந்த நெல் மழையில் முளைத்தபோது, அந்தக் கட்சிக்காரர்கள் தார்ப்பாய் கொண்டுவந்து போர்த்திவிட்டு, அங்கேயே சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்காகப் பூத்தில் உட்காருகிறேன் என்று கிளாட்சன் பெயர் கொடுத்திருந்தான். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு டிராக்டர் ஓட்டுகிற பையன். சவரிராஜும் ராஜாங்கமும் சேர்ந்தே அவன் வீட்டுக்குப் போனார்கள். "படிச்ச பையன், ஊருக்குள்ள எதுக்குப் பகை?" என்று அவன் அப்பாவிடம் நயமாகச் சொல்லிவிட்டு வந்தார்கள். பையன் விலகிக்கொண்டான். ஊர் பார்க்க அந்த இரண்டு பேரும் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

தேர்தலுக்கு முதல்நாள் சாயந்திரம் மோட்டார் கொட்டகையில் பட்டியலை வாசித்துக்கொண்டே வந்த ராஜாங்கம், சவரிராஜின் வீட்டு எண் வந்ததும் நிறுத்தினார். சவரிராஜின் மனைவி லூர்துமேரி இறந்து மூன்று வருடம். பெயரை இன்னும் எடுக்கவில்லை.

"அவ பேர்ல வேணாம், ராஜாங்கம். தாண்டு" என்றார் சவரிராஜ்.

"சரி, தாண்டியாச்சு. அடுத்தது உம் பொண்ணு. வருமா?"

"எங்க வருது. கிறிஸ்மஸுக்கு வரேன்னுச்சு, வரல. ஈஸ்டருக்கும் அதே கததான். இப்பவும் வந்தாலும் வருவேன்னு சொல்லிருக்கு."

"அட்டை?"

"பீரோவுல இருக்கு."

சொல்லிவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

மகள் விண்ணரசி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். பதினெட்டு வயதில் ஓட்டு அட்டை வாங்கியவள், இதுவரை ஒரு தேர்தலுக்கும் ஊருக்கு வந்ததில்லை. வரச் சொல்லி சவரிராஜ் கெஞ்சாத தடவையும் இல்லை. "தெருவுல இருக்கிறதே ரெண்டு கடை. ரெண்டுலயும் அதே சொத்தக் கத்திரிக்கா. எதை வாங்கச் சொல்றீங்க? மூணாவதா ஒருத்தன் கடை போடட்டும்ப்பா, நானே பையை எடுத்துக்கிட்டு வர்றேன்" என்பாள். "வராம இருந்தா மட்டும் கத்திரிக்கா நல்லதாயிடுமா?" என்று இவர் எகிறுவார். பேச்சு சண்டையில்தான் முடியும். போன வாரமும் அப்படித்தான் முடிந்தது. கடைசியாக, "மூணாவது கடை வந்துருச்சுப்பா. லீவு குடுத்தா வருவேன்" என்றாள். "அந்தக் கட்சிக்குப் பூத்துல உக்காரக்கூட ஆள் இல்ல, போ" என்று இவர் போனை வைத்துவிட்டார். ஆளை உட்காரவிடாமல் செய்ததே தான்தான் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

ஓட்டுச்சாவடி, மாதா கோவிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு அறை. ஏஜெண்டுகளுக்காக மூன்று நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மூன்றாவது காலியாகக் கிடந்தது. ராஜாங்கம் அதில் வெற்றிலைப் பையை வைத்துக்கொண்டார். தேர்தல் அதிகாரியாக வந்திருந்தவர் சுடர்விழி. தாராசுரம் பக்கம் கணக்கு டீச்சராம். விடியற்காலையிலிருந்து மெஷினோடும் கவர்களோடும் மல்லுக்கட்டி, மத்தியானத்துக்குள் முகம் வாடியிருந்தது.

வெயில் ஏறி, வரிசை அறுந்துபோன நேரத்தில் பங்கு போட்ட ஆட்கள் ஒவ்வொருவராக வந்து போனார்கள். அவர்களில் ஒருத்தி பூமிகா. ராஜாங்கத்தின் தம்பி மகள். கல்யாணமாகிப் பெரம்பலூரில் இருப்பவள், பிள்ளைக்குக் காது குத்த வந்திருந்தாள். அட்டையை நீட்டினாள். ஒன்பது வருடத்துக்கு முந்தின, கருத்துப்போன படம். பட்டியலிலும் அதே படம்தான்.

"விண்ணரசி, அப்பா பேரு சவரிராஜ்" என்று உரக்க வாசித்தார் ஒரு அலுவலர். "ஏஜெண்டுங்க யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?"

சுடர்விழி நிமிர்ந்து பார்த்தார். சவரிராஜ் ஜன்னல் வழியாகக் கொடிமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூமிகாவின் விரலில் மை வைத்தார்கள். மெஷின் நீளமாகக் கத்தி ஓய்ந்தது.

வெயில் தாழ்ந்து, இனி யார் வரப்போகிறார்கள் என்று சுடர்விழி கவர்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தபோதுதான் நீடாமங்கலம் மினி பஸ் வந்து நின்றது. தோளில் ஒரு பையோடு ஒரு பெண் வேகவேகமாக வந்தாள். வாசலில் செருப்பை உதறினாள். அப்பாவைப் பார்த்ததும் சண்டையெல்லாம் மறந்து, முகமெல்லாம் சிரிப்பாக, "வந்துட்டேன் பாத்தீங்களா!" என்றாள்.

சவரிராஜ் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

விண்ணரசி ஆதார் அட்டையை மேஜைமேல் வைத்தாள். பட்டியலில் விரலை ஓட்டிய அலுவலர் நின்றார். இன்னொரு தடவை பார்த்தார். "உங்க ஓட்டு விழுந்துருச்சேம்மா."

"என்ன சார் விளையாடுறீங்க? நான் இப்பத்தான் பஸ்ஸ விட்டு இறங்குறேன்."

சுடர்விழி எழுந்து வந்தார். "இவங்களை யாருக்காவது தெரியுமா?" என்று ஏஜெண்டுகளைப் பார்த்துக் கேட்டார்.

சவரிராஜ் வாயைத் திறப்பதற்குள் ராஜாங்கம் முந்திக்கொண்டார். தம்பி மகளின் தலை உருண்டுவிடுமே என்ற பயம்தான் அவரைப் பேச வைத்திருக்க வேண்டும். "தெரியுமே மேடம். இதே பொண்ணுதான் மத்தியானமும் வந்து போட்டுட்டுப் போச்சு. இப்ப மறுபடி வருது."

விண்ணரசி இடது கையைத் தூக்கி ஆள்காட்டி விரலை எல்லோருக்கும் காட்டினாள். பனியன் கம்பெனியில் ஊசி ஏறிய தழும்பு மட்டும்தான் அதில் இருந்தது.

"மையெல்லாம் அழிக்கிறதுக்கு இப்ப எத்தனையோ வழி இருக்கு மேடம். போலீசக் கூப்பிட்டு விசாரிங்க" என்றார் ராஜாங்கம். வாசலில் நின்ற காவலர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

விண்ணரசி விரலை இறக்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். நீங்களாவது சொல்லுங்களேன் என்கிற பார்வைதான் முதலில். பதில் வரத் தாமதமாக, அந்தப் பார்வை மெதுவாக மாறியது. அட்டை வீட்டு பீரோவில் இருந்தது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். பெற்ற மகளின் முகத்தில் அது புரிகிறதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிடச் செத்துப்போகலாம் என்று சவரிராஜுக்கு இருந்தது.

"எம் மவதான் மேடம்" என்றார். எழுந்து நின்று மறுபடி சொன்னார். "இதுதான் எம் மவ. மத்தியானம் வந்தது வேற பொண்ணு. அட்டையைக் குடுத்தது நான். தப்பு எம்மேலதான்."

ராஜாங்கம் வெற்றிலைப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

சுடர்விழிக்குக் கோபத்தில் மூக்கு விடைத்தது. "நீங்க ஏஜெண்டு. ஆட்சேபணை இருக்கான்னு உங்க முன்னாடிதானே கேட்டோம்? நீங்க ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டா நான் யாரைக் கேக்கிறது?" என்றார். பிறகு கோபத்தை அடக்கிக்கொண்டு, ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டால் கொடுப்பதற்கென்றே வைத்திருந்த வாக்குச் சீட்டில் ஒன்றையும் முத்திரையையும் விண்ணரசியிடம் கொடுத்தார். மறைப்புக்குள் போய் அவள் குத்திவிட்டு வந்த சீட்டை வாங்கித் தனி கவரில் போட்டார்.

"இதை எண்ணுவாங்களா மேடம்?"

சுடர்விழி கவரை ஒட்டினார். "எண்ண மாட்டாங்கம்மா. யாராவது கேஸ் போட்டு, கோர்ட்டு கேட்டாத்தான் கவரைப் பிரிப்பாங்க."

"அப்ப எனக்கு மறுபடி எலெக்ஷன் வையுங்க. இன்னொரு லீவு போட்டுட்டு வர்றேன்."

"ஒரு ஓட்டுக்காக வைக்க மாட்டாங்க. பூத்தே கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா, அப்ப மேல முடிவு பண்ணுவாங்க." அவர் சவரிராஜின் பக்கம் திரும்பினார். "நீங்க வெளிய உக்காருங்க. சீல் வச்சிட்டு ரிப்போர்ட் எழுதணும்."

வெளியே வேப்பமரத்தடியில் அப்பாவும் மகளும் உட்கார்ந்தார்கள். காவலர் கொஞ்சம் தள்ளி நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். விண்ணரசி பையைத் திறந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து, தான் குடிக்காமல் அவரிடம் நீட்டினாள். அது சவரிராஜுக்கு இன்னும் வலித்தது.

"அந்த மூணாவது நாற்காலியில ஒரே ஒரு ஆளு உக்காந்திருந்தா இது நடந்திருக்குமாப்பா?"

"நடந்திருக்காது."

"எனக்கு ஓட்டுப் போட ஒரு ஆளு வேணும்னுதான் மூணாவது கட்சி கேட்டேன். உங்க ரெண்டு பேரையும் பாத்துக்கிறதுக்கும் ஒரு ஆளு வேணும்னு இப்பத்தான் புரியுது."

அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். கிளாட்சன் வீட்டுக்குப் போய் வந்ததையும் சொல்லிவிட்டார். அவள் கேட்டுக்கொண்டாள், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"என் ஓட்டு எந்தக் கட்சிக்குப் போச்சு? உங்க கட்சிக்கா?" என்று கேட்டாள்.

இதைத்தான் கேட்டுவிடுவாளோ என்று அவர் பயந்துகொண்டிருந்தார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அதிலாவது ஒரு அப்பனின் கட்சி வெறி என்று ஒரு சமாதானம் இருந்திருக்கும்.

"இல்லம்மா. ஆளுக்கு ஒரு பேரா பிரிச்சோம். உங்கம்மா பேரு என் பங்குல விழுந்துச்சு. செத்தவ பேர்ல பொய் ஓட்டு வேணாம்னு தாண்டச் சொல்லிட்டேன். அடுத்த பேரு நீ. அது ராஜாங்கம் பங்கு."

விண்ணரசி சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. "செத்துப்போன அம்மாவுக்கு இருந்த மரியாதைகூட உசுரோட இருக்கிற எனக்கு இல்ல, இல்லப்பா?" என்று சொல்லிவிட்டு முகத்தை முந்தானையால் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவளுடைய அம்மா செத்த அன்றுகூட சவரிராஜ் அவளை இப்படி அழப் பார்த்ததில்லை. தோளைத் தொடக் கை நீட்டினார். தொடத் தனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது. கையை மடக்கிக்கொண்டு எழுந்தார்.

"எங்க கிளம்புறீங்க?" என்றார் காவலர்.

"உள்ள. ஓடல்லாம் மாட்டேன் தம்பி, பயப்படாதீங்க."

அறைக்குள் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி அரக்கை உருக்கிக்கொண்டிருந்தார்கள். சவரிராஜைப் பார்த்ததும் ராஜாங்கத்தின் முகம் வெளிறியது. இத்தனை வருடம் பழகியவரல்லவா, அவருக்குப் புரிந்துவிட்டது. "யோவ் சவரிராஜ், வேணாம்யா. நம்ம ரெண்டு பேரும் இந்த ஊர்லதானே கிடக்கணும்?" என்றார்.

சவரிராஜ் சட்டையில் குத்தியிருந்த கட்சி பேட்ஜைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். தன் நாற்காலியில் போய் உட்கார மனம் வரவில்லை. காலியாகக் கிடந்த மூன்றாவது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மேடம், ஒரு ஓட்டுன்னா மறுபடி தேர்தல் வைக்க மாட்டாங்கன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா."

"ஒரு ஓட்டு இல்ல. எழுதிக்குங்க, ஒவ்வொரு பேரா சொல்றேன்."