மருந்து எடுத்துக் கொடுத்தவர்

ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட், எங்கள் தோட்டத்தில் தண்ணீர் பாட்டிலில்தான் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு வரும். பாட்டில் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தால் கைக்குழந்தைகூடத் தொடாது. என் கணவர் இயனும் அப்படி வளர்ந்தவர்தான்.

அவரும் கூட்டாளி சிவானந்தம் அண்ணனும் ரவாங் டவுனில் கடை வைத்து, கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவும் மருந்துகளை வாங்கி, சிறு பொட்டலங்களாகவும் பாட்டில்களாகவும் பிரித்து விற்றார்கள். படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பரின் வேலையைச் சரியான நேரத்தில் நிறுத்துவதற்கு அதே தோட்டத்து ஆசிட்தான். ஒரு மதியம் இயன் அதைத் தண்ணீர் என்று குடித்துவிட்டார். மூன்று நாள் நினைவு திரும்பாமலே போய்ச் சேர்ந்தார்.

"துணி கட்டித்தான் இருந்துச்சு. தெரிஞ்சே குடிச்சிட்டான்" என்று போலீசில் சொன்னார் சிவானந்தம். காகிதத்தில் அது தற்கொலை ஆனது. வீட்டில் என்ன சண்டை என்று சர்ச்சில் என்னையே கேட்டார்கள்.

ஆசிட் குடித்த அன்று காலை, கடை விளம்பரத்துக்காகப் பொட்டலம் கட்டுவதைப் படம் எடுப்பதாக இயன் போனில் சொல்லியிருந்தார். அவர் உடைகளோடு கேமராவும் என்னிடம் வந்தது. ஒரு வருஷம் அதைத் திறக்கத் தைரியமில்லை. பிறகு அந்த ஃபிலிமை வேறு யார் கையிலும் கொடுக்க மனமில்லை. மருந்தை மட்டும் சிவானந்தமே எடுத்துத் தரட்டும் என்று ரவாங்குக்குப் போனேன்.

"வா அமண்டா! வீட்டுலயே கழுவப் போறியா? மீன் கழுவுற மாதிரின்னு நெனச்சியா?"

"சர்ச் பிள்ளைங்க எடுத்த ரோல், அண்ணே. ஒரு வருஷமா அலமாரியில கெடக்குது."

"இந்த வெக்கையிலயா? ஃபிலிம் புகை புடிச்ச மாதிரி மங்கியிருக்கும்லா." மலிவான தூளை ஒதுக்கிவிட்டு, உள்ளேயிருந்து புதிய டெவலப்பர் பாட்டில் ஒன்றை எடுத்தார். "இதுதான் தெளிவாக் காட்டும். ஐஸ் வச்சு இருபது டிகிரி, எட்டு நிமிஷம். ஆசிட் வேணாம், பச்சத் தண்ணி போதும்." அதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. பாட்டிலைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, கசியாதபடி இரண்டு முறை டேப் ஒட்டிக் கொடுத்தார்.

அன்றிரவே ஃபிலிமைக் கழுவினேன். பதினோராவது படத்தில் மேசைமேல் ஏழு பாட்டில்கள். எல்லாக் கழுத்தும் வெறுமை. பின்னால் சிவானந்தம் ஒரு கையில் கத்தரியும் மறு கையில் வெட்டிய துணிகளுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நெகட்டிவைப் போலீசில் கொடுத்தேன். சனிக்கிழமை, கடையில் கூட்டம் நிறைந்திருந்தபோது, அதிலிருந்து எடுத்துவைத்த பிரதியைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். அவர் மனைவி கலாவதிதான் முதலில் எடுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, இதுல எதுக்குத் துணியெல்லாம் வெட்டுறீங்க?"

"படத்துல அழகா இருக்கட்டும்னு..." என்று தொடங்கி நிறுத்தினார். என் பக்கம் திரும்பினார். "நீயா கழுவுன?"

"நீங்க சொன்ன எட்டு நிமிஷம், அண்ணே. நல்லாத் தெளிவா வந்திருக்கு."

விசாரணையை மறுபடி திறந்திருக்கிறார்கள். போன வாரம் எங்கள் சர்ச் ஃபாதர் ஃபிரான்சிஸ், புக்கிட் ரோத்தானில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். "சிவானந்தத்துக்கும் பிள்ளைங்க இருக்காங்க. மன்னிச்சிரும்மா."

தேநீர் போட்டுக் கொடுத்தேன். "இயன் தற்கொலை பண்ணிக்கலன்னு முதல்ல அவர் வாயாலேயே சொல்லட்டும், ஃபாதர்."

"அதுக்கப்புறம்?"

பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். அதற்கப்புறமும் மன்னிப்பேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.