மகளுக்கான படுக்கை

பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன மனிதர் வீட்டை விற்றுப் பாய்மரப் படகு வாங்கினால் தெரு சும்மா இருக்குமா? கேப்டன் என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டோடு தையல் வேலை பார்த்துவந்த அவர் மனைவி தலைகீழாக நின்று பார்த்தாள், மனிதர் மசியவில்லை. இத்தனை வருஷம் குடும்பத்துக்காக ஸ்டியரிங் பிடித்த மனிதர், ஆசைப்பட்டதைச் செய்துவிட்டுப் போகட்டும் என்று கடைசியில் அவளே விட்டுக்கொடுத்தாள்.

ஒரு வீட்டைச் சுருக்கிப் படகுக்குள் அடைப்பது லேசான காரியமா? பீரோ, கட்டில் எல்லாம் கைமாறிப் போயின. படகின் மூக்குப் பக்கம் அவர்கள் படுக்கும் இடம் குறுகலாக இருந்ததால் மெத்தையை அதற்கேற்ப மனைவி வெட்டித் தைத்தாள். இருவரும் படுத்தால் கால்கள் இடித்துக்கொண்டன.

"கல்யாணமான புதுசுலகூட நீங்க இவ்வளவு ஒட்டிப் படுத்ததில்லை" என்று அவரைச் சீண்டினாள்.

நடுவில், கட்டிக் கொடுத்த மகளுக்கென்று ஒரு பலகைப் படுக்கை இருந்தது. "எப்பவோ வர்றவளுக்கு எதுக்குங்க? அந்த இடத்துல இன்னொரு தண்ணி டேங்க் வைங்க" என்று சொன்னவளும் மனைவிதான். அவர் அரைமனதோடு பலகையைக் கழற்றினார்.

வீட்டை வாங்கியவர்கள் அவசரப்படுத்தவே, பேசிய தேதிக்கு முன்பே சாவியைக் கொடுத்தாயிற்று. தேதி மாறியதை மட்டும் மகளிடம் மூச்சுவிடவில்லை. குடியேறி முடித்த படகைத் திடீரென்று காட்டி அவளை அசத்த வேண்டும் என்பது கேப்டனின் ஆசை.

குடியேறிய வாரமே மகள் படகுத்துறையில் வந்து நின்றாள். பழைய வீட்டுக் கதவை யாரோ திறந்து, விவரம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கையில் பெரிய பெட்டி.

"திடீர்னு வந்து நிக்கறா பாரு என் தங்கம்!" கேப்டனுக்குத் தலைகால் புரியவில்லை. அலையில் படகு ஆடினாலும் பாத்திரம் சாயாத அடுப்பைக் காட்டினார், கயிறுகளைக் காட்டினார். "உனக்கும் ஒரு படுக்கை இருந்துச்சு, உங்கம்மாதான் தூக்கச் சொல்லிட்டா" என்று போட்டும் கொடுத்தார். பிறகு, பாய் ஏற்றிக் காட்டுகிறேன் என்று மேலே போனார்.

மகள் டேங்க் மேலேயே உட்கார்ந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பெற்றவள் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னடி? மாப்பிள்ளையோட சண்டையா?"

"சண்டை போட்டாலாவது பரவாயில்லையே. வருஷக்கணக்கா என்கிட்ட பேசறதே இல்லைம்மா. நான்னு ஒருத்தி அந்த வீட்ல இருக்கேன்கறதே அவருக்கு ஞாபகமில்லை. அம்மா வீட்டுக்குப் போறேன்னு சொன்னேன். தலையைக்கூடத் தூக்கலை. நீங்க வீட்டைக் காலி பண்றதுக்குள்ள வந்து, என் ரூம்ல கொஞ்ச நாள் இருந்து, ஒரு வழி யோசிக்கலாம்னு நினைச்சேன்."

"ஐயோ, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, பாவி!"

"சொன்னா அப்பா படகே வேண்டாம்னிருப்பார்."

"இப்ப என்ன கெட்டுப்போச்சு? என்கூடப் படு. அப்பா மேல்தளத்துல படுத்துக்கட்டும்."

"எத்தனை நாளைக்கும்மா? அப்பா முகத்தைப் பார்த்தியா? இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை. விஷயம் தெரிஞ்சா நாளைக்கே இதை வித்துட்டு வாடகை வீடு தேடுவார். சொல்லமாட்டேன்னு என் தலைமேல சத்தியம் பண்ணு."

தாய் மாட்டேன் என்றாள். மகள் தாயின் கையை இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையைத் தாங்கமாட்டாமல் தாய் சரி என்றுவிட்டாள்.

பாய் விரிந்ததும் மகள் மேலே போய்க் கை தட்டினாள். ஆபீஸ் வேலையாக வெளியூர் போகிறேன், வழியில்தான் எட்டிப் பார்த்தேன் என்று அப்பாவிடம் புளுகினாள். பெட்டியை அவரே தூக்கிவந்து துறையில் வைத்தார்.

"அடுத்த தடவை மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா!"

"சரிப்பா."

அவள் தெரு திரும்பி மறைந்ததும் தாய் படகின் விளிம்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கேப்டன் பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"என்ன இது, சின்னக் குழந்தை மாதிரி? அவளைக் கட்டிக் கொடுத்து அனுப்பின அன்னிக்குக்கூட நீ இப்படி அழலையே."